பாடலுக்கு உரியவர் யார்?

கிளிநொச்சி மாவட்டத்தின் ஜெயபுரம் போன்ற கிராமங்களில் கோயில் திருவிழாவானாலும் விளையாட்டுப் போட்டியானாலும் ஒலிபெருக்கியில் பாட்டு ஒலிக்காமல் இருப்பதில்லை. ஆனால், அப்பாடலை ஆக்கியவருக்குச் சேரவேண்டியது சேர்கின்றதா என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே.

ஒரு பாடலில் பலரது உரிமைகள் அடங்கியுள்ளன. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அதன் ஆக்கியோராவர். பாடகருக்கும் ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு. இறுவட்டு ஒன்றை விலைகொடுத்து வாங்குபவர், அதை மக்கள் கூடும் இடத்தில் ஒலிக்கச் செய்யும் உரிமையையும் சேர்த்து வாங்கிவிடுவதில்லை.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமே இவ்விடயத்தை ஒழுங்குபடுத்துகின்றது. ஆக்கியோனின் ஆயுட்காலம் முழுவதும், அவர் மறைந்த பின்னர் 70 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமை நீடிக்கும். குடும்பத்தினரும் மிக நெருங்கியோரும் அடங்கிய வட்டத்துக்கு வெளியே நிகழ்த்துவது பகிரங்க நிகழ்த்துகையாகும். அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். இலங்கையும் இந்தியாவும் பேர்ண் சமவாயத்தில் அங்கம் வகிப்பதால், தமிழகத் திரைப்பாடல்களுக்கும் இங்கு பாதுகாப்பு உண்டு.

ஒவ்வோர் ஆக்கியோனையும் தேடிச் சென்று அனுமதி பெறுவது நடைமுறைச் சாத்தியமன்று. ஆகவே, ஆக்கியோர் சங்கமாக இணைகின்றனர். சங்கம் வானொலிகள், விடுதிகள், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் ஆகியோருக்கு அனுமதி வழங்கிக் கட்டணம் அறவிடுகின்றது. இசைக்கப்பட்ட பாடல்களின் பட்டியலைக் கொண்டு அதனைப் பகிர்ந்தளிக்கின்றது. பட்டியல் தவறானால் பணமும் தவறான கைக்கே போய்ச் சேரும்.

இந்தியாவில் இத்தகைய சங்கம் 1969இல் தோன்றியது. எனினும், திரைப்படத்துக்காக ஆக்கப்பட்ட பாடலின் உரிமை, வேறு உடன்படிக்கை இல்லாவிடின் தயாரிப்பாளருக்கே உரியதென 1977இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக்கியோரின் உரிமைத் தொகைப் பங்கினைக் காக்க 2012இல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. 2017இல் இளையராஜா, எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு அனுப்பிய சட்ட அறிவித்தல், பாடிப் புகழ்பெற்றவருக்கும் மேடையில் பாட அனுமதி தேவையா என்ற விவாதத்தை உலகத் தமிழரிடையே எழுப்பியது.

நாகூர் ஹனீபாவின் குரலை அறியாத தமிழ் பேசும் இல்லம் அரிது. அவர் பாடியவற்றை எழுதிய கவிஞர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவர்? வன்னியிலே பாட்டெழுதுவோரின் நிலையும் இதுவே. அவர்கள் தமது ஆக்கங்களைக் கையளிக்கும்போது, எந்த உரிமையை வழங்குகின்றனர் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். வருமானம் கருதி நிகழ்ச்சி நடத்துவோர் உரிய கட்டணத்தைச் செலுத்துவதே நியாயம்.

ஆக்கியோனின் பெயரைக் குறிப்பிடுவதும் இச்சட்டம் காக்கின்ற உரிமையே. அதற்கு எந்தக் கிராமத்து மேடையிலும் பணம் செலவாகப் போவதில்லை. அதையாவது இன்றே தொடங்கலாம் என்பது எமது கருத்தாகும்.