கோபேர்க் நகரின் சமாதானக் கற்குவை

பண்டைத் தமிழர் போரில் வீழ்ந்த மறவனுக்கு நடுகல் நாட்டினர். உரோமர் தம் வெற்றிகளைத் தூண்களிலும் வளைவுகளிலும் பொறித்தனர். உலகத்து நினைவுச் சின்னங்களை எண்ணிப் பார்ப்பின் அவற்றுட் பல வாளின் புகழ் பேசுவனவே. கலப்பையின் புகழ் பேசுங் கல் அரிது. அவ்வரியவற்றுள் ஒன்று, கனடா நாட்டில், ஒன்ராறியோ ஏரியின் வடகரையிலுள்ள கோபேர்க் என்னுஞ் சிறு நகருக்கு உரியது. 1953 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் அங்கு நடைபெற்ற முதலாவது உலக உழவுப் போட்டியின் ஞாபகார்த்தமாக அது எழுப்பப்பட்டது.

ரொறன்ரோ மாநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கோபேர்க், ஒரு காலத்திற் பெருநகராகும் அவாவுடையதாயிருந்தது. 1836 இல் அங்கு திறக்கப்பட்ட கல்விக்கூடம் விக்ரோறியாக் கல்லூரியாக வளர்ந்து, 1892 இல் ரொறன்ரோவிற்குப் பெயர்ந்து சென்றது. வடக்கே றைஸ் ஏரியின் குறுக்காக 1854 இல் அமைத்த இருப்புப்பாதைப் பாலம் பனிக்கட்டியின் தாக்குதலைத் தாங்காது சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. கல்லூரியும் போய், பாலமும் போய், எஞ்சியது கழனியே. அக்கழனியே பின்னர் உலகத்தாரை அவ்வூருக்கு அழைத்தது.

உழவிற் போட்டியிடும் வழக்கம் அங்கு புதிதன்று. ஒன்ராறியோ உழவர் சங்கத்தின் பெரும் போட்டி 1913 இல் ரொறன்ரோவையடுத்த சன்னிபுறூக் பண்ணையில் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, அது நடைபெறவில்லை. அயர்லாந்திலோ இரு நண்பர்கள் தத்தம் மாவட்டத்து உழவரே சிறந்தவரென வாதிட்டதன் விளைவாகத் தேசியப் போட்டி பிறந்தது. கில்டேரைச் சேர்ந்த ஜே. ஜே. பேர்ஜினும் வெக்ஸ்போட்டைச் சேர்ந்த டெனிஸ் அலனுமே அவ்விருவர். 1931 இல் பேர்ஜினின் சொந்த மாவட்டமாகிய கில்டேரிலேயே, ஏதை என்னும் ஊரருகே, போட்டி நடந்தது, வென்றது வெக்ஸ்போட். இவ்வாறு ஆங்காங்கே தனித்தனியே ஓடிய கால்களை ஓராறாக்கியவர், இங்கிலாந்தின் வேர்க்கிங்டன் நகரத்தவராகிய அல்பிரட் ஹோல். அவர் முயற்சியால் 1952 இல் உலக உழவு நிறுவனம் தோன்றியது. மறு ஆண்டே கோபேர்க்கிற் போட்டி.

இப்போட்டி விரைவுப் போட்டியன்று. குறித்த நேரத்துள் உழுது முடித்தல் வேண்டுமாயினும், முந்தி முடித்தவன் வென்றவனாகான். முதற்சால் நேராக விழுந்ததா, ஆழம் எங்கும் ஒத்துள்ளதா, அரிதாளும் களையும் மண்ணுள் முற்றாகப் புதைந்தனவா, புரண்ட மண் இடைவெளியின்றி ஒன்றோடொன்று பொருந்திக் கிடக்கின்றதா, இறுதிச் சால் செவ்வனே மூடிற்றா என நடுவர் நடந்து நடந்து பார்த்துப் புள்ளியிடுவர். ஒரு நாள் அரிதாள் நிலத்திலும் மற்றொரு நாள் புற்றரையிலும் உழுதல் வேண்டும். முதற்சால் கோணின் அடுத்து வருஞ் சால்கள் யாவுங் கோணும். அதனைத் திருத்தப் புகுந்தவன் நேரத்தை இழப்பான். உழவு இயந்திரம் வந்தபின் உழவனின் கைத்திறன் ஒழிந்ததென்போர், அவ்வயலின் ஓரத்திற் சிறிது நேரம் நிற்பாராயின் அங்ஙனங் கூறார்.

கோபேர்க்கில் வாகை சூடியவர் ஒன்ராறியோவைச் சேர்ந்த யேம்ஸ் எக்கிள்ஸ். அடுத்த ஆண்டு அயர்லாந்துக் குடியரசின் கில்லார்ணியிற் போட்டி நடந்தபோது, எல்லைக்கப்பாலுள்ள வட அயர்லாந்தின் ஹியூ பார் வென்றார். 1955 இலும் 1956 இலும் அவரே மீண்டும் வென்றார். அயர்லாந்துத் தீவின் பிரிவினை வரலாற்றை அறிந்தோர் கில்லார்ணி வெற்றியைச் சிறு செய்தியெனத் தள்ளார்.

கோபேர்க்கில் எழுந்த சின்னம் 'சமாதானக் கற்குவை' எனப்படும். கல்லின்மேற் கல்லடுக்கி நினைவுக்குவை எழுப்புதல் ஸ்கொத்லாந்து மலைநாட்டாரின் பழைய வழக்கம். உலகப் போட்டி நிகழும் இடந்தோறும் இத்தகைய குவை எழுப்புதலும், பங்குபற்றும் நாடுகள் தத்தம் மண்ணிலிருந்து கொணரும் கற்களை அதிற் பதித்தலும் பின்னர் மரபாயின. அமைதியே வயல்களை உழுக என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரொன்று அந்நிறுவனத்தின் மகுடவாசகம். அது கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த திபுல்லசு என்னும் உரோமப் புலவன், தன்னைப் போருக்கு இழுத்தபோது வெறுப்புற்றுப் பாடிய பாட்டில் வருவது. 1953 இல் அவ்வாசகம் வெற்றுரையன்று. கொரியப் போர் அவ்வாண்டு யூலை 27 ஆந் திகதியே ஓய்ந்தது. அதிற் கனடா நாட்டவர் 516 பேர் மாண்டிருந்தனர். போர் முடிந்து 13 ஆண்டுகளே கழிந்திருந்த 1958 இல், ஜேர்மனியின் ஹோகன்கைமில் உலகப் போட்டி நடந்தது. முன்னாட் பகைவர் ஒரே வயலிற் சாலடித்தனர்.

ஆயினும் அமைதி உழும் அவ்வயல் யாருடையது என்னும் வினாவையுங் கேட்டேயாகவேண்டும். 1968 ஆம் ஆண்டின் போட்டி றொடீசியாவில் நடைபெற்றது. மூன்றாண்டுகளுக்கு முன்னரே அங்கு வெள்ளையர் சிறுபான்மை அரசு ஒருதலையாகச் சுதந்திரப் பிரகடனஞ் செய்திருந்தது. 1968 மே மாதத்தில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை அவ்வரசுமீது பரந்த பொருளாதாரத் தடை விதித்தது. அந்நாட்டின் 1930 ஆம் ஆண்டு நிலப் பங்கீட்டுச் சட்டம், தொகையிற் சிறியராகிய வெள்ளையருக்கு நாட்டு நிலத்தில் ஏறத்தாழப் பாதியை ஒதுக்கியிருந்தது. அங்கு சென்று அமைதியின் பெயரால் உழுதமை, மிகக் குறைத்துச் சொல்லினும், பொருத்தமற்ற செயலே.

றொடீசியாவைக் குறைகூறுவோர் கோபேர்க்கையும் நோக்குதல் வேண்டும். முற்கூறிய றைஸ் ஏரி தன் பெயரை அதில் இயற்கையாய் விளைந்த காட்டரிசியாற் பெற்றது. அவ்வட்டாரத்தில் வாழ்ந்த மிசிசாகா மக்கள் ஓடங்களிற் சென்று, முற்றிய கதிர்களைத் தட்டி அரிசியை ஓடத்துள் வீழ்த்தி எடுத்தனர். கலப்பை காணாத அறுவடை அது. பின்னர் அணைகளால் ஏரியின் நீர்மட்டம் உயர்ந்ததும் அவ்விளைவு பெரிதுங் குன்றிற்று. 1837 இல் மெதடிஸ்த மிசனரிமார் கிறேப் தீவிலிருந்த மிசிசாகா மக்களை றைஸ் ஏரியருகே அல்டர்வில்லிற் குடியேற்றினர். வேட்டையும் மீன்பிடியும் விடுத்து ஏர்பிடிப்பதே நாகரிகமென அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அம்மக்களைப் பொறுத்தவரை கலப்பை அமைதியின் சின்னமாக மட்டும் வந்ததன்று. 1923 ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் அவர்தம் நிலவுரிமையோடு வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் பறித்தன. அதற்குச் சரியாக 30 ஆண்டுகளின் பின் கோபேர்க்கில் உலக உழவர் கூடினர்.

இதனாற் கற்குவை பொய்யெனக் கொள்ளலாகாது. அதனை எழுப்பியோர் இரு பெரும் போர்களைக் கண்டு சலித்தவர். அவர்தம் விருப்பம் உண்மையானது. கல்லின் வரலாற்றை எழுதுவோன் அதைத் தாங்கும் மண்ணின் வரலாற்றையும் எழுதக் கடமைப்பட்டவன் என்பதே ஈண்டுக் கூறத்தக்கது. அல்டர்வில் உள்ளிட்ட வில்லியம்ஸ் உடன்படிக்கை மக்களின் நெடுநாள் வழக்கு 2018 இல் இணக்கங் கண்டது. 111 கோடி கனடிய டொலர் இழப்பீடு வழங்கவும், வேட்டை, மீன்பிடி, அறுவடை உரிமைகளை ஏற்கவும் அரசுகள் உடன்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் மன்னிப்பும் கோரின. கோபேர்க்கில் உலக உழவர் கூடி அப்போது 65 ஆண்டுகள் கழிந்திருந்தன.