ஹவாய்: சின்னங்கள் காத்த வரலாறு

ஒரு மாநிலத்தின் கொடி, மலர், முழக்கவரி ஆகியவற்றைப் பொது அறிவுப் போட்டிக்காகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதுண்டு. ஆனால் அந்தச் சின்னங்களுக்குள் ஓர் அரசின் வரலாறே அடங்கியிருக்கலாம். அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் அதற்குச் சான்று.

பசிபிக் பெருங்கடலின் நடுவே எரிமலைகள் எழுப்பிய தீவுக்கூட்டம் ஹவாய். பெரிய தீவுகள் எட்டு. தலைநகர் ஹோனலூலு, ஓவாஹு தீவில் உள்ளது. மிக உயர்ந்த சிகரமான மௌனா கியா 4,207 மீட்டர் உயரம். 1959 ஆகஸ்டு 21ஆம் நாள் அமெரிக்காவின் 50ஆவது மாநிலமானது.

அதற்கு முன் அது தனி நாடு. 1810இல் முதலாம் கமேஹமேஹா மன்னர் தீவுகளை ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்தார். 1843இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவர் அந்நாட்டைக் கைப்பற்றினார். ஐந்து மாதங்களில் அவருடைய மேலதிகாரியே ஆட்சியைத் திருப்பித் தந்தார். அன்று மூன்றாம் கமேஹமேஹா மன்னர் சொன்ன வாசகம்தான் இன்றைய மாநில முழக்கவரி. நாட்டின் உயிர் அறத்தால் நிலைக்கிறது என்பது அதன் பொருள். இதில் உயிரைக் குறிக்கும் ஹவாய்ச் சொல்லுக்கு இறையாண்மை என்ற பொருளும் உண்டு.

அந்த இறையாண்மை நிலைக்கவில்லை. 1893இல் கரும்புத் தோட்ட, வணிகச் செல்வாக்குடைய ஒரு குழுவினர் லிலியுஓகலானி அரசியாரைப் பதவியிறக்கினர். அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கியது அவர்களுக்குப் பலமானது. அமெரிக்காவுடன் இணைப்பதை எதிர்த்து 1897இல் 21,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். எனினும் மறு ஆண்டே இணைப்பு நடந்தேறியது.

ஆட்சி போனாலும் கொடி போகவில்லை. எட்டுத் தீவுகளைக் குறிக்கும் எட்டுப் பட்டைகள், மூலையில் பிரிட்டிஷ் கொடி. முடியரசு காலத்து அதே கொடிதான் இன்றும் மாநிலக் கொடி. அமெரிக்க மாநிலக் கொடிகளில் பிரிட்டிஷ் கொடியைத் தாங்கியது இது ஒன்றே.

மொழியின் கதையும் அப்படித்தான். 1896ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. ஹவாய் மொழி வகுப்பறையை விட்டு வெளியேறியது. 1978இல் அது ஆங்கிலத்தோடு அதிகாரத்துவ மொழியாக மீண்டது. மாநில மலர் செம்பருத்தி. ஆனால் மலேசியாவின் தேசிய மலரைப் போன்ற சிவப்பு நிறமன்று; அந்த மண்ணிலேயே தோன்றிய மஞ்சள் செம்பருத்தியை 1988இல் சட்டப்படி தேர்ந்தெடுத்தனர்.

1993இல் அமெரிக்க நாடாளுமன்றம், அரசியாரைப் பதவியிறக்கியதில் தன் நாட்டுக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆட்சி திரும்பவில்லை. ஆயினும் தாங்கள் யார் என்பதை அம்மக்கள் மறக்காதிருக்க, ஒரு கொடியும் ஒரு வாசகமும் ஒரு பூவும் துணை நிற்கின்றன. இனி ஒரு மாநிலத்தின் சின்னத்தைப் பிள்ளைகள் ஒப்பிக்கும்போது, அது எப்படி வந்தது என்ற கேள்வியையும் அவர்களுக்குக் கற்றுத் தருவோம்.