வெப்பத்திற்கும் வேலைக்கும் ஒரே அளவுகோல்



நாம் உண்ணும் உணவின் ஆற்றலைக் கலோரியில் கணக்கிடுகிறோம். வீட்டு மின்சாரத்தைக் கிலோவாட் மணியில் அளக்கிறோம். அறிவியல் பாடநூலோ ஜூல் என்கிறது. இவை மூன்றும் ஆற்றலின் அலகுகளே. ஆனால், ஒன்றை மற்றொன்றாக மாற்றலாம் என்னும் உண்மை எளிதில் கிட்டிவிடவில்லை.

அடியை மீட்டராக மாற்றலாம், இரண்டும் நீளம். அடியை ராத்தலாக மாற்ற முடியுமா? முடியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பமும் வேலையும் அவ்வாறே தொடர்பற்றவை எனக் கருதப்பட்டன. வெப்பம் 'கலோரிக்' என்னும் கண்ணுக்குப் புலப்படாத பாய்மம் என்று அறிஞர் பலர் நம்பினர்.

இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் 1818இல் பிறந்த ஜேம்ஸ் ஜூல், பீர் வடிக்கும் ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர், பேராசிரியர் அல்லர். அவர் நீர் நிறைந்த கலத்தினுள் துடுப்புச் சக்கரம் ஒன்றை அமைத்தார். கயிற்றில் தொங்கிய பளுக்கள் கீழிறங்கின, சக்கரம் சுழன்றது, கலங்கிய நீர் சிறிதளவு சூடேறியது. 1847இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் இதை எடுத்துரைத்தபோது, அதன் அருமையை உணர்ந்த சிலருள் ஒருவர், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற இளைஞர் வில்லியம் தாம்சன்.

1850இல் வெளிவந்த ஜூலின் முடிவு இதுதான்: ஒரு ராத்தல் நீரை ஒரு பாரன்ஹீட் பாகை சூடேற்ற, 772 ராத்தல் எடை ஓரடி இறங்கும் அளவு வேலை வேண்டும்.

இதை இன்றைய அலகுகளுக்கு மாற்றிப் பார்ப்போமா? சமன்பாட்டின் உறுப்புகள் அனைத்தும் ஒரே பரிமாணம் உடையனவாக இருத்தல் வேண்டும் என்பதை ஃபூரியே 1822இலேயே விளக்கியிருந்தார். அதுவே நமக்கு வழிகாட்டி. ராத்தல் இருபுறமும் இருப்பதால் நீங்கிவிடுகிறது. எஞ்சுவது 772 அடி உயரம், அதாவது 235.3 மீட்டர். இதைப் புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.81ஆல் பெருக்கினால், ஒரு கிலோகிராமுக்கு 2,308 ஜூல். ஒரு செல்சியஸ் பாகை 1.8 பாரன்ஹீட் பாகைக்குச் சமம். ஆகவே மீண்டும் 1.8ஆல் பெருக்க, 4,155 ஜூல். இன்று நாம் அறிந்த அளவு ஏறத்தாழ 4,186. வேறுபாடு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை!

1948இல் அனைத்துலக எடை அளவைப் பொதுமாநாடு வெப்பத்திற்கும் ஜூலையே அலகாக ஏற்றது.

இனி, நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோவாட் என்பது வினாடிக்கு 1,000 ஜூல். ஒரு மணி நேரம் 3,600 வினாடி. இரண்டையும் பெருக்கும்போது வினாடி நீங்கி, 3,600,000 ஜூல் எஞ்சுகிறது. ஒருவர் நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி உண்டால், கிலோ கலோரிக்கு 4,184 ஜூல் வீதம் அது 8,368,000 ஜூல். வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 2.3 கிலோவாட் மணி!

எண்களை மட்டும் பெருக்கினால் தவறு நேரலாம். அலகுகளையும் உடன் எழுதிச் சென்றால், தவறு நேர்ந்த இடத்தை அவையே காட்டிக்கொடுக்கும். வெப்பத்தையும் வேலையையும் ஒரே தராசில் நிறுத்திக் காட்டிய ஜூலின் பெயரை, நாம் ஆற்றலைக் கணக்கிடும் ஒவ்வொரு முறையும் உச்சரிக்கிறோம்.