மருந்துக்கு யார் வகுத்த எல்லை?

2009 மார்ச்சில் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு ஒன்று வந்திறங்கியது. 52 பேரும் மருந்துகளும் கொண்ட அவசர மருத்துவமனை அது. போர் முனையான புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் கப்பல் ஏற்றிவந்த காயமுற்றோர் அங்கே சிகிச்சை பெற்றனர்.

அந்நாளில் நடைமுறையிலிருந்த 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி, பதிவும் அனுமதிப்பத்திரமும் இன்றி அயல்நாட்டு மருந்து இலங்கைக்குள் வருதல் ஆகாது. போலி மருந்திலிருந்து மக்களைக் காக்கும் அவ்வேலி வேண்டியதே. ஆயினும் இரு அரசுகளும் இணங்கியபோது அதன் வாயில் திறந்தது, உயிர்கள் பிழைத்தன.

அதே கரையின் வடக்கே, புதுமாத்தளனில் சிக்குண்டோர் இந்நாட்டுக் குடிமக்களே. அவர்களுக்கோ போதிய மருந்து செல்லவில்லை. சத்திரசிகிச்சைப் பொருள்களையும் அரசு மறுத்தது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கதென ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு 2011இல் கூறிற்று.

1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, பகைநாட்டுக் குடிமக்களுக்குச் செல்லும் மருந்துக்கும் வழிவிடுமாறு 23ஆம் உறுப்புரையில் பணிக்கிறது. பகைநாட்டு மக்களுக்கு உலகம் ஒப்புக்கொண்ட உரிமை, சொந்த நாட்டு மக்களுக்கு இல்லாமற் போவது எந்த நீதி?

கடல் கடந்து வந்த மருந்தையும் கரை கடக்காத மருந்தையும் ஒரே பாடத்தில் வைத்து நம் மாணவர்க்குக் கற்பிப்போம்.