மீனுக்கு ஷாக் அடிக்காதா?

கடலுக்கு வெகுதூரம் தள்ளியிருக்கும் சின்னசேலத்தில்கூட கடல் மீன் வளர்க்கலாம். தொட்டி, உப்பு, மோட்டார், விளக்கு இருந்தால் போதும். கூடவே ஆபத்தும் வந்துவிடும்!

உப்புத் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பழைய சிநேகம். 1800-ல் வோல்ட்டா உலகுக்கு அறிவித்த பேட்டரியில், உலோகத் தகடுகளுக்கு நடுவே இருந்தது உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டைதான். அந்த அடுக்கை அவர் எதோடு ஒப்பிட்டார் தெரியுமா? ஷாக் அடிக்கும் திருக்கை மீனின் உறுப்போடு!

நம்மைக் காப்பாற்றுவதும் உப்புதான். கொல்லையில் எர்த் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றுகிறோமே... மின்சாரம் மண்ணுக்குள் சுலபமாக இறங்கத்தான்.

ஆனால், எர்த் மட்டும் போதாது. ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே ஆளைக் கொன்றுவிடும். அதற்கெல்லாம் 5 ஆம்பியர் ஃபியூஸ் போகுமா? போகாது! இதற்கு விடை தேடியவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் ஒன்றா என்று கணக்குப் பார்த்து, குறைந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிக்கும் கருவியை 1961-ல் உருவாக்கினார். நம்மூர் வீடுகளுக்கான கருவி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 'டிரிப்' ஆகும்.

தொட்டியில் மின்சாரம் கசிந்தாலும், அது வெளியேற வழியில்லாதவரை மீன் ஜாலியாக நீந்தும். தரையில் நின்று நீங்கள் கையை விட்டால், நீங்கள்தான் அந்த வழி. மீனை நம்பாதீர்கள், முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள்!