உலாவி வந்த வழி

புதிய கருவி ஒன்று வீட்டிற்கு வரும்பொழுது அதனைப் பற்றி நாம் மூன்று கேள்விகள் கேட்பது வழக்கம். விரைந்து வேலை செய்யுமா? பார்வைக்கு அழகாக இருக்குமா? விலை என்ன? தையற்பொறிக்கும் கைக்கடிகாரத்திற்கும் வானொலிப் பெட்டிக்கும் இக்கேள்விகள் போதுமானவையாக இருந்தன. கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் இணையத்தைத் திறந்து காட்டுகின்ற உலாவி என்னும் கருவிக்கோ இவை போதவில்லை. இம்மூன்று கேள்விகளுக்கும் நல்ல விடை தந்த உலாவிகளே பின்னாளில் நம்மைத் தளையிட்டன. அவ்வரலாறு நீண்டதன்று, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் அடங்குவது.

உலாவி தனக்கென எதையும் உடையதன்று. எங்கோ தொலைவிலுள்ள கணிப்பொறியிலிருந்து ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கி, அதில் எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று பிரித்தறிந்து, நம் கண்முன் அடுக்கி வைப்பதே அதன் தொழில். நல்ல வாயிற்காவலனைப் போல அது கவனிக்கப்படாமலே பணி செய்கிறது. செய்தித்தாளைப் படித்தோம், வங்கிக் கணக்கைப் பார்த்தோம், இரயிலுக்குச் சீட்டு எடுத்தோம் என்று சொல்கிறோமே தவிர, உலாவியைப் பயன்படுத்தினோம் என்று எவரும் சொல்வதில்லை.

இதனை முதன்முதல் இயற்றியவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1989 மார்ச்சில் தம் திட்டத்தை எழுதி அளித்தார். 1990ஆம் ஆண்டின் இறுதியில் நெக்ஸ்ட் என்னும் கணிப்பொறியில் முதல் உலாவியை இயக்கிக் காட்டினார். அவ்வுலாவிக்கு ஒரு தனிச் சிறப்பு இருந்தது. அதில் பக்கங்களைப் படிக்கவும் செய்யலாம். அங்கேயே எழுதவும் திருத்தவும் செய்யலாம். படிப்பவர் வேறு, எழுதுபவர் வேறு என்ற பிரிவினை அவர் உள்ளத்தில் இல்லை. ஆனால் நெக்ஸ்ட் கணிப்பொறி வைத்திருந்தோர் மிகச் சிலர். பிற கணிப்பொறிகளுக்கென அவசரமாகச் செய்யப்பட்ட எளிய உலாவிகளில் எழுதும் வசதி விடுபட்டது. விடுபட்டது விடுபட்டதாகவே நின்றுவிட்டது.

அக்காலத்தில் வலைக்கு ஒரு போட்டியும் இருந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 1991இல் வெளியிட்ட கோஃபர் என்னும் முறை, தொடக்கத்தில் வலையைவிடப் புகழ் பெற்றிருந்தது. 1993இன் தொடக்கத்தில், கோஃபர் நிரலை நிறுவி நடத்துவோர் சிலரிடம் கட்டணம் பெறப்போவதாக அப்பல்கலைக்கழகம் அறிவித்தது. கட்டணத்தின் அளவைக் காட்டிலும், நாளை இன்னும் என்ன கேட்பார்களோ என்ற ஐயமே மக்களை விரட்டியது. அதே ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் ஆய்வுக்கூடம் வலையின் நிரல்களை எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம் என்று எழுதிக் கொடுத்தது. கூட்டம் அப்பக்கம் திரும்பியது.

அவ்வாண்டிலேயே இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா ஆகிய இளைஞர் இருவரும் தம் துணைவரோடு மொசேக் என்னும் உலாவியை ஆக்கினர். எழுத்துக்கு நடுவே படத்தையும் வைக்க வேண்டும் என்று ஆண்ட்ரீசன் 1993 பிப்ரவரியில் முன்மொழிந்தபொழுது, பெர்னர்ஸ்-லீ உள்ளிட்ட சிலர் வேறு வழிகளை எடுத்துரைத்தனர். விவாதம் முடிவதற்குள் மொசேக் படங்களோடு வெளிவந்துவிட்டது. கண்ட மக்கள் மயங்கினர். கருவிகளின் வரலாற்றில் விவாதத்தை வெல்பவன் நன்றாகப் பேசுபவன் அல்லன். முதலில் செய்து காட்டுபவனே.

ஆண்ட்ரீசனும் ஜிம் கிளார்க் என்னும் செல்வரும் 1994இல் தொடங்கிய நிறுவனமே நெட்ஸ்கேப். அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த அதன் நாவிகேட்டர் உலாவி பிறவற்றையெல்லாம் பின்தள்ளியது. 1995 ஆகஸ்டு 9ஆம் நாள் 28 டாலர் விலையில் அந்நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன. மாலையில் 58 டாலரைக் கடந்து நின்றன. ஆறு நாள் கழித்து, சுதந்திர தினத்தன்று, விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. ஆனால் நம் நாட்டில் குறைந்த கட்டணம் செலுத்தியவர்களுக்கு எழுத்து மட்டுமே கிடைத்தது, படம் கிடையாது. அவர்கள் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான லிங்க்ஸ் என்னும் படமில்லா உலாவியின் வழியே கருந்திரையில் வெள்ளெழுத்துகளைக் கண்டு நிறைவடைந்தனர். தொலைபேசி இணைப்பு நடுவில் அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பொறுமையெல்லாம் இன்று எங்கே போயிற்றோ!

நிற்க. நெட்ஸ்கேப்பின் வளர்ச்சியைக் கண்டு அஞ்சியது மைக்ரோசாஃப்ட். அச்சத்திற்குக் காரணம் இருந்தது. எந்தக் கணிப்பொறியிலும் இயங்கும் உலாவிக்குள்ளேயே எல்லா வேலைகளையும் முடித்துவிடலாம் என்றால், உள்ளே இருப்பது விண்டோஸா, வேறொன்றா என்று யார் கவலைப்படப் போகிறார்கள்? 1995 மே 26ஆம் நாள் பில் கேட்ஸ் தம் நிறுவனத்தின் மேலதிகாரிகளுக்கு எழுதிய நீண்ட குறிப்பில் இணையத்தைப் பேரலைக்கு ஒப்பிட்டு, இனி அதுவே முதற்பணி என்றார். ஆகஸ்டு மாதமே இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வெளிவந்தது. அது மொசேக்கின் வழிவந்த நிரலை ஸ்பைகிளாஸ் என்னும் நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டது. உலாவி விற்கும் வருவாயில் பங்கு கிடைக்கும் என்று ஸ்பைகிளாஸ் எதிர்பார்த்தது. மைக்ரோசாஃப்டோ அதனை விற்கவே இல்லை, விண்டோஸோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்தது. பூச்சியத்தில் பங்கு பூச்சியம்தானே! பிணக்கு எழுந்து, 1997இல் எண்பது இலட்சம் டாலரோடு கணக்குத் தீர்ந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் எக்ஸ்புளோரரின் நான்காம் பதிப்பு வெளியான இரவு, மைக்ரோசாஃப்ட் ஊழியர் சிலர் தம் உலாவியின் சின்னமான எழுத்தைப் பேருருவாகச் செய்து நெட்ஸ்கேப் அலுவலகத்தின் புல்வெளியில் வைத்துவிட்டுப் போயினர். நெட்ஸ்கேப்காரர்கள் அதனைக் கவிழ்த்து, அதன்மேல் தம் சின்னமான மொசில்லாப் பல்லியை நிறுத்தி, சந்தையில் தமக்கு 72, எதிரிக்கு 18 என்று அட்டை எழுதி மாட்டினர். பிள்ளை விளையாட்டுத்தான். ஆனால் அந்த 72 நெடுநாள் நிற்கவில்லை. 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் தன் உலாவியை இலவசமாக்கி, மூலநிரலையும் பொதுவில் வைக்கப்போவதாக அறிவித்தது. மார்ச்சு 31இல் வைத்தது. அமெரிக்க அரசு அவ்வாண்டு மே 18இல் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு 2000 ஜூனில் நீதிபதி ஆணையிட்டார். மறு ஆண்டு மேல்முறையீட்டில் அவ்வாணை நீங்கியது. முற்றுரிமையைக் காத்துக்கொள்ளச் சட்டத்திற்குப் புறம்பான வழிகளைக் கையாண்டது என்ற முடிவு மட்டும் நிலைத்தது. தீர்ப்பு வந்தபொழுது போட்டியாளர் களத்தில் இல்லை.

நேர்மையாகச் சொல்லவேண்டுமானால், அன்றைய மக்கள் ஏமாந்தவர்கள் அல்லர். எக்ஸ்புளோரரின் ஐந்தாம் பதிப்பு நெட்ஸ்கேப்பைவிட விரைவானது, எளிதில் நின்றுபோகாதது, விலையும் இல்லை. நம் மூன்று கேள்விகளிலும் அது தேறியது. நான்காவது கேள்வியை, அதாவது இதனை விட்டு வெளியேற நினைத்தால் முடியுமா என்பதை, எவரும் கேட்கவில்லை. 2001இல் ஆறாம் பதிப்பு வந்தது. ஏழாம் பதிப்பு 2006இல்தான் வந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகள் உலகில் பத்தில் ஒன்பது பேர் பயன்படுத்திய கருவி ஏறத்தாழ அப்படியே கிடந்தது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதே பெரும் வேலையாயிற்று.

வெளியேற முடியாமையின் துன்பத்தை முழுதும் அனுபவித்தது தென் கொரியா. வலிமை மிக்க மறையீட்டு முறைகளை ஏற்றுமதி செய்வதை அமெரிக்கா கட்டுப்படுத்தி வைத்திருந்த 1990களின் இறுதியில், கொரியர்கள் தம் வங்கிப் பணிகளுக்காகச் சொந்த முறையொன்றை ஆக்கினர். அறிவுடைய செயல்தான். ஆனால் அதனை உலாவிக்குள் இயக்க அவர்கள் தேர்ந்த ஆக்டிவ்எக்ஸ் என்னும் இணைப்பு, எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்குவது. அமெரிக்கக் கட்டுப்பாடு தளர்ந்த பின்னும் இந்த ஏற்பாடு அகலவில்லை. உலகிலேயே விரைவான இணைய இணைப்புகளை உடைய நாட்டினர், பணம் அனுப்பப் பல ஆண்டுகள் பழைய உலாவியையே நாட வேண்டியிருந்தது.

நம் மொழிகளுக்கும் இவ்வனுபவம் உண்டு. தொடக்கத்தில் தமிழ் முதலிய இந்திய மொழி நாளேடுகள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவையும் குறியீட்டு வரிசையையும் வைத்திருந்தன. படிப்பவர் அவ்வெழுத்துருவைத் தனியே இறக்கி நிறுவ வேண்டும். பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்து சேரும் வசதியை எக்ஸ்புளோரர் தந்தபொழுது பல ஏடுகள் அதனை மகிழ்ந்து ஏற்றன. நெட்ஸ்கேப் தந்த அத்தகைய முறை வேறு வகையானது. விளைவு யாது? எக்ஸ்புளோரரில் தமிழாகத் தெரிந்த செய்தி, வேறோர் உலாவியில் உரோமன் எழுத்துகளும் புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டிப் பொதுக் குறியீடுகளும் விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. ஆயினும் சிக்கலைத் தீர்த்தது ஒருங்குறியே. 1991இலேயே அதன் முதற்பதிப்பில் தமிழுக்கு இடம் இருந்தது. இயங்குதளங்களும் உலாவிகளும் அதனைச் செம்மையாகக் காட்டுவதற்கும், ஏடுகள் மாறுவதற்கும் பல ஆண்டுகள் கழிந்தன. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தன் முறையாக ஏற்றது. இடைக்காலத்தில் தனிக்குறியீடுகளில் எழுதப்பட்டவற்றுள் எத்தனையோ இன்று தேடினாலும் அகப்படுவதில்லை. எழுதியவர்கள் தமிழில்தான் எழுதினார்கள். பொறிக்கு அது தமிழாகத் தோன்றவில்லை.

நெட்ஸ்கேப் பொதுவில் வைத்த மூலநிரலிலிருந்து 2004 நவம்பர் 9ஆம் நாள் ஃபயர்பாக்ஸ் பிறந்தது. டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் இரண்டு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் அதற்குப் பணம் கொடுத்த ஏறத்தாழ 10,000 அன்பர்களின் பெயர்கள் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. ஒரு கருவிக்காகப் பொதுமக்கள் தாமே பணம் திரட்டி விளம்பரம் செய்தது புதுமை. ஐரோப்பாவில் 2010 முதல் விண்டோஸைப் பயன்படுத்துவோர்க்கு உலாவிகளின் பட்டியலைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஏற்பாடு வந்தது. ஒரு பதிப்பில் அப்பட்டியல் விடுபட்டதற்காக 2013இல் மைக்ரோசாஃப்டுக்கு 56.1 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது.

2008 செப்டம்பரில் கூகிள் நிறுவனத்தின் குரோம் வந்தது. அது செயல்படும் முறையை விளக்க ஒரு சித்திரக்கதைப் புத்தகமே வரையப்பட்டது. விரைவு, எளிமை, இலவசம். மீண்டும் அதே மூன்று விடைகள். அதன் அடித்தளமான குரோமியத்தின் மூலநிரல் பொதுவில் இருப்பதால் ஓப்பெரா 2013இல் அதற்கு மாறியது; 2020இல் மைக்ரோசாஃப்டே தன் எட்ஜ் உலாவியை அதன்மேல் கட்டியது. எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15இல் ஓய்வு பெற்றது.

இலவசம் என்பதன் கணக்கு நீதிமன்றத்தில்தான் வெளிப்பட்டது. உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன் தேடுபொறியே முதலில் அமைந்திருக்க வேண்டும் என்பதற்காகக் கூகிள் 2021ஆம் ஆண்டில் மட்டும் பிறர்க்குக் கொடுத்தது 2,630 கோடி டாலர். முன்னரே அமைந்திருப்பதை மாற்றுவோர் சிலரே என்பதை அறிந்தவர்கள் கொடுத்த விலை அது. குரோமுக்கு மாற்றாக நிற்கும் ஃபயர்பாக்ஸின் வருவாயிலும் பெரும்பகுதி அந்தக் கூகிள் பணமே. 2024 ஆகஸ்டு 5இல் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடுதலில் கூகிள் முற்றுரிமையைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில், தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடுத்தார், குரோமை விற்கும்படி ஆணையிட மறுத்தார். நம் நாட்டின் போட்டி ஆணையமும் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் குரோம் முதலியவற்றைக் கட்டாயமாகச் சேர்த்தளித்தது பற்றி ஆராய்ந்து 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்திருந்தது.

இந்தியாவிலே சொந்த உலாவி செய்யும் முயற்சி புதியதன்று. பெங்களூரில் 2010இல் எபிக் என்னும் உலாவி, இந்திய மொழிகளில் தட்டச்சு செய்யும் வசதியோடு வந்தது. அது முதலில் ஃபயர்பாக்ஸையும் பின்னர்க் குரோமியத்தையும் அடித்தளமாகக் கொண்டது. 2023இல் நடுவண் அரசு இதற்கெனப் போட்டியொன்றை அறிவித்தது. அதில் ஒரு நிபந்தனை கருதத்தக்கது. எந்தத் தளம் நம்பத்தக்கது என்று சான்றளிக்கும் அமைப்புகளின் பட்டியல் ஒவ்வோர் உலாவிக்குள்ளும் இருக்கிறது. அதனை வகுப்பவர் உலாவி செய்பவர். இந்திய அரசின் மூலச்சான்று தன் பட்டியலில் இடம்பெற்ற உலாவி வேண்டும் என்று கேட்டது போட்டி. 2025 மார்ச்சில் முடிவு வெளியாயிற்று. சோகோ நிறுவனத்தின் ‘உலா’ ஒரு கோடி ரூபாய் முதற்பரிசைப் பெற்றது. பெயர் நல்ல தமிழ். உள்ளே ஓடும் பொறி குரோமியம்.