பத்து நாள் இடைவெளியில் இரண்டு கையெழுத்துகள்



பிரெஞ்சுப் புரட்சியை வகுப்பில் நடத்தும்போது 1789-இல் பாஸ்டில் சிறைத் தகர்ப்பில் தொடங்கி, 1799-இல் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்ததோடு முடித்துவிடுவோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தப் புரட்சியின் கணக்கு எப்போது தீர்க்கப்பட்டது என்று கேட்டால் நான் 1825-ஐத்தான் காட்டுவேன். அந்த ஆண்டு உங்களில் யாருக்கும் நினைவிருக்காது, கேள்வித்தாளில் வந்ததில்லையே!

அப்போது பிரான்சின் மன்னர் பத்தாம் சார்லஸ். கில்லட்டினில் தலை வெட்டப்பட்ட பதினாறாம் லூயியின் கடைசித் தம்பி. பாஸ்டில் விழுந்த சில நாளிலேயே நாட்டை விட்டு ஓடியவர். அவரைப் போல ஓடிய பிரபுக்களின் நிலங்களைப் புரட்சி அரசு பறிமுதல் செய்து விற்றிருந்தது. வாங்கியவர்களில் விவசாயிகளும் உண்டு. 1814-இல் முடியாட்சி திரும்பியபோதும் அந்த நிலங்களில் கைவைக்கத் துணிவில்லை. விற்றது விற்றதுதான் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார் பதினெட்டாம் லூயி. ராஜா திரும்பி வந்தார், நிலம் திரும்பி வரவில்லை. அதனால் 1825 ஏப்ரல் 27-இல் சார்லஸ் வேறு வழி கண்டார். நிலம் வாங்கியவரிடமே இருக்கட்டும், இழந்த பிரபுக்களுக்கு அரசு ஈடு கொடுக்கும். நூறு கோடி பிராங்க் சட்டம் என்றே அதற்குப் பெயர் விழுந்தது.

இதற்குப் பத்து நாள் முன்பு, ஏப்ரல் 17-இல், அதே மன்னர் இன்னொரு உத்தரவில் கையெழுத்திட்டிருந்தார். அது ஹைட்டிக்கு.

கரீபியக் கடலில் பிரான்சுக்குச் சர்க்கரையும் காப்பியும் குவித்துத் தந்த அடிமைக் குடியேற்றம் அது. 1791-இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1794-இல் பாரிஸ் புரட்சி மன்றம் அடிமை முறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அதை மீண்டும் கொண்டுவந்தார். கிளர்ச்சித் தலைவர் தூசான் லூவர்தூர் பிடிபட்டு, பிரான்சின் மலைக்கோட்டைச் சிறையில் 1803-இல் இறந்தார். ஆனாலும் நெப்போலியனின் படை போரிலும் மஞ்சள் காய்ச்சலிலும் அழிந்தது. 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி விடுதலையை அறிவித்தது.

இருபத்தொரு ஆண்டு கழித்து பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. விடுதலையை அங்கீகரிக்க வேண்டுமானால் 15 கோடி பிராங்க், ஐந்து தவணையில். யாருக்கு? நிலத்தையும் அடிமைகளையும் இழந்த பண்ணை முதலாளிகளுக்கு! அடிமையாக இருந்தவனே தன் விலையைக் கட்ட வேண்டும். பரந்த லூசியானாவையே 1803-இல் பிரான்ஸ் சுமார் 8 கோடி பிராங்குக்குத்தான் விற்றது என்பதை நினைத்துப் பாருங்கள். பீரங்கிகளைப் பார்த்து அதிபர் புவாயே ஒப்புக்கொண்டார்.

வங்கி வேலையில் இருக்கும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். முதல் தவணைக்கே பாரிஸ் வங்கியாளர்களிடம் 3 கோடி கடன், கைக்கு வந்ததோ 2.4 கோடி. மீதி பிடித்தம்! நம் ஊர்க் கந்துவட்டிக்காரர்கள் எங்கே பாடம் படித்தார்களோ!

1830 ஜூலையில் பாரிஸ் மக்கள் சார்லஸை மறுபடி துரத்தினார்கள். புதிய அரசு ஹைட்டியின் பாக்கியை ரத்து செய்யவில்லை. 1838-இல் மொத்தத்தை 9 கோடியாகக் குறைத்தது, அவ்வளவுதான். அதை அடைக்க வாங்கிய கடன், அந்தக் கடனுக்கு இன்னொரு கடன் என்று இழுத்து, கடைசிப் பாக்கி தீர்ந்தது 1947-இல்.

2025 ஏப்ரல் 17, இருநூறாவது ஆண்டு நாளில், பிரெஞ்சு அதிபர் மக்ரோன் இதை ஆராய இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் கொண்ட குழுவை அறிவித்தார். பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.